300 சதுர அடி வீட்டில் பீரோ எங்கே நிற்கும்? எக்செல்லில் கட்டம் போட்ட தாள் அச்சடிப்பது எப்படி?

மும்பையில் வீடு என்றாலே சதுர அடிக் கணக்குதான். விக்ரோலி பார்க் சைட் ஆகட்டும், தாராவி ஆகட்டும், பழைய வீட்டை இடித்துப் புது வீடு தருகிறார்கள் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை சதுர அடி?" என்றுதான். குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில், அதாவது எஸ்ஆர்ஏ திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்துக்கு 300 சதுர அடி. தாராவி மறுமேம்பாட்டில் 350 சதுர அடி என்று அறிவித்திருக்கிறார்கள். கழிவறை, குளியலறை, சமையல் இடம் எல்லாம் இதற்குள்ளேதான்.

அடுத்த கேள்வி சாமான்களை ஏற்றி இறக்கும் அன்றுதான் வரும். கட்டிலை எங்கே போடுவது? பீரோவின் கதவு முழுசாகத் திறக்குமா? ஃபிரிட்ஜ் வைத்தபின் நடக்க வழி இருக்குமா? பீரோவை நான்கு பேர் தூக்கிக்கொண்டு நிற்கும்போது யோசிப்பதைவிட முன்கூட்டியே காகிதத்தில் யோசித்துவிடலாம். அதற்குப் பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். கட்டம் போட்ட ஒரு தாள், பென்சில், கத்தரிக்கோல் போதும்.

அந்தத் தாள் கையில் இல்லையா? ஆபிஸ் லேப்டாப்பில் எக்செல் இருக்கிறதே! திறந்தால் திரை முழுக்கக் கட்டம்தான். பிரிண்ட் கொடுத்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனா முடியாது. ஒன்று, தாளே வராது. வந்தாலும் கட்டம் சதுரமாக இருக்காது. சதுரமாக வரவைத்தாலும், ஸ்கேல் வைத்து அளந்தால் கணக்கு உதைக்கும். இந்த மூன்றும் ஏன் நடக்கின்றன, எப்படிச் சரிசெய்வது?

வெறும் ஷீட் ஏன் அச்சாவதில்லை?

எக்செல் திரையில் தெரியும் சாம்பல் நிறக் கோடுகள் உங்கள் கண்ணுக்காக மட்டும். ஃபைலின் உள்ளடக்கத்தில் அவை சேராது. அதனால் எதுவும் எழுதாத ஷீட்டுக்குப் பிரிண்ட் கொடுத்தால், 'அச்சடிக்க எதுவும் இல்லை' என்று எக்செல் கைவிரித்துவிடும்.

'பேஜ் லேஅவுட்' பகுதியில் 'கிரிட்லைன்ஸ்' என்பதன் கீழ் 'பிரிண்ட்' என்ற டிக் பெட்டி உண்டு. அதைப் போட்டாலும் எழுத்து உள்ள பகுதியைச் சுற்றி மட்டுமே கோடு வரும். காலிக் கட்டங்களும் வர வேண்டுமானால், எந்த இடம் வரை அச்சாக வேண்டும் என்று எக்செல்லுக்குச் சொல்ல வேண்டும். அதுதான் 'பிரிண்ட் ஏரியா'. இது இரண்டையும் செய்தால் காலிக் கட்டங்களும் தாளில் வரும்.

இன்னும் நல்ல வழி பார்டர் போடுவது. பார்டர் என்பது நீங்களே போட்ட கோடு. அதன் நிறத்தையும் தடிமனையும் நீங்களே முடிவு செய்யலாம். கட்டத் தாளுக்கு வெளிர் சாம்பல் நிறம்தான் சரி. கறுப்புக் கோடு போட்டால், அதன் மேல் நீங்கள் பென்சிலில் வரைவது கண்ணுக்கே தெரியாது.

கட்டம் ஏன் சதுரமாக இல்லை?

இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். போகிற வழியில் விக்ரோலியும் வரும்.

இங்கிலீஷில் ஸ்ப்ரெட்ஷீட், தமிழில் விரிதாள் என்று சொல்வது முதலில் நிஜக் காகிதம்தான். கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களையும் சேர்த்து விரித்தால் வரும் அகலமான கட்டம் போட்ட தாள். ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்லின், அந்தத் தாளைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரலாமே என்று யோசித்தார். நண்பர் பாப் ஃபிராங்ஸ்டனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய 'விசிகால்க்' 1979ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் வெளிவந்தது. எக்செல்லுக்கு அதுதான் முன்னோடி.

அன்றைய கம்ப்யூட்டர் திரையில் மில்லிமீட்டர் என்ற பேச்சே கிடையாது. இத்தனை எழுத்து அகலம், இத்தனை வரி உயரம் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கு டைப்ரைட்டரிலிருந்து வந்தது. 'பைக்கா' எழுத்து உள்ள டைப்ரைட்டரில் ஒரு அங்குலத்துக்கு 10 எழுத்து, 'எலைட்' என்றால் 12 எழுத்து. மேலிருந்து கீழே ஒரு அங்குலத்துக்கு 6 வரி. அதாவது டைப்ரைட்டரின் ஒரு 'கட்டம்' எப்போதுமே அகலம் குறைவாகவும் உயரம் அதிகமாகவும் இருக்கும்.

நம் ஊரில் டைப்ரைட்டர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் பெயர் கோத்ரெஜ். விக்ரோலியின் பிரோஜ்ஷாநகரைத் தலைமையிடமாகக் கொண்ட கோத்ரெஜ் அண்ட் பாய்ஸ் நிறுவனம் 1955ல் தன் முதல் டைப்ரைட்டரைக் கொண்டுவந்தது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அரசு அலுவலகங்களிலும், கோர்ட் வாசலிலும், தெருமுனை டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டிலும் அந்தச் சத்தம் கேட்டது. 2009ல் உற்பத்தி நின்றது. இன்று அதே விக்ரோலியில் 247 பார்க் மாதிரியான அலுவலகக் கட்டடங்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள் பலர் டைப்ரைட்டரைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அதன் கணக்கு அவர்கள் தினமும் திறக்கும் எக்செல்லுக்குள் இன்னும் இருக்கிறது.

எப்படி? எக்செல்லில் நெடுவரிசையின் அகலத்தை, அதாவது 'காலம் விட்த்' என்பதைப் பாருங்கள். வழக்கமாக 8.43 என்று இருக்கும். இது சென்டிமீட்டரும் இல்லை, அங்குலமும் இல்லை. உங்கள் ஃபைலின் வழக்கமான எழுத்துருவில் 0 என்ற எண்ணை 8.43 முறை எழுதும் அகலம். கேலிப்ரி 11 எழுத்துருவில் ஒரு எண்ணுக்கு 7 பிக்ஸல். இரு ஓரத்துக்கும் சேர்த்து 5 பிக்ஸல். 8.43ஐ 7ஆல் பெருக்கி 5ஐக் கூட்டினால் 64 பிக்ஸல். எழுத்துருவை மாற்றினால் இந்தக் கணக்கும் மாறிவிடும்.

கிடைவரிசையின் உயரத்துக்கு, அதாவது 'ரோ ஹைட்' என்பதற்கு, அளவு வேறு. அது பாயின்ட். ஒரு அங்குலத்துக்கு 72 பாயின்ட். இது அச்சுத் தொழிலிலிருந்து வந்த அளவு. வழக்கமான உயரம் 15 பாயின்ட், திரையில் 20 பிக்ஸல்.

ஆக, அகலத்துக்கு ஓர் அளவுகோல், உயரத்துக்கு இன்னொன்று. 'சதுரம்தானே வேணும்' என்று இரண்டிலும் 15 என்று அடித்தால் என்ன ஆகும்? உயரம் 20 பிக்ஸலில் நிற்கும். அகலம் 110 பிக்ஸலுக்குப் போய்விடும். சதுரத்துக்குப் பதில் உயரத்தைப்போல ஐந்தரை மடங்கு நீளமான பட்டை வரும். பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் கடுப்பாகி எக்செல்லை மூடிவிடுகிறார்கள்.

கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன?

கணக்கு எழுதுவதற்கோ டேபிள் போடுவதற்கோ என்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் வீட்டுக்குள் சாமான் வைப்பதைத் திட்டமிடும்போது ஆகும்.

இந்த வேலையில் கட்டில், பீரோ, மேசை எல்லாவற்றையும் அதே கட்டத் தாளிலிருந்து சின்னத் துண்டுகளாக வெட்டி, அறையின் படத்தின் மேல் நகர்த்திப் பார்க்கிறோம். கட்டிலை வடக்கு தெற்காகப் போட்டால் இடம் பத்தவில்லை. சரி, கிழக்கு மேற்காகத் திருப்பிப் பார்ப்போம் என்று துண்டைத் திருப்புகிறோம். கட்டம் சதுரமாக இல்லாவிட்டால், திருப்பிய அந்த நொடியில் அளவு பொய்யாகிவிடும். அகலத்துக்கும் உயரத்துக்கும் 5 சதவீதம் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். 20 அடி நீளத்தில் அது ஒரு அடி. 300 சதுர அடி வீட்டில் ஒரு அடி என்பது கதவு திறப்பதா, இடிப்பதா என்பதை முடிவு செய்யும் தூரம்.

எக்செல்லில் 5 மில்லிமீட்டர் கட்டம்: படிப்படியாக

ஏ4 தாளின் அளவு 210 க்கு 297 மில்லிமீட்டர். நான்கு பக்கமும் 1 சென்டிமீட்டர் ஓரம் விட்டால் மிச்சம் 190 க்கு 277. அதில் 36 நெடுவரிசை, 54 கிடைவரிசை வசதியாக அமையும். அதாவது 18 சென்டிமீட்டர் அகலம், 27 சென்டிமீட்டர் உயரம்.

1. புது ஷீட்டில், நெடுவரிசை எழுத்துகளும் கிடைவரிசை எண்களும் சந்திக்கும் இடதுமேல் மூலையில் உள்ள சின்ன முக்கோணத்தைக் கிளிக் செய்யுங்கள். ஷீட் முழுவதும் தேர்வாகும்.

2. 'ஹோம்' பகுதியில் 'ஃபார்மட்', அதில் 'ரோ ஹைட்'. அங்கே 15.75 என்று கொடுங்கள்.

3. இப்போது கிடைவரிசை எண் ஒன்றின் கீழ்க்கோட்டின் மேல் மவுஸை வைத்து அழுத்திப் பிடியுங்கள். உயரம் எத்தனை பிக்ஸல் என்று ஒரு சின்னக் குறிப்பு தெரியும். திரை அளவு வழக்கமான 100 சதவீதத்தில் இருந்தால் அது 21. எண்ணைப் பார்த்தபின் மவுஸை நகர்த்தாமல் விட்டுவிடுங்கள்.

4. ஷீட் முழுவதும் தேர்வில் இருக்கும்போதே, ஏதாவது ஒரு நெடுவரிசையின் வலது ஓரத்தை இழுத்து அதே பிக்ஸல் எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கேலிப்ரி 11 என்றால் அகலம் 2.29 என்று காட்டும். எழுத்து எண்ணிக்கை, பாயின்ட் எல்லாவற்றையும் மறந்துவிடலாம். பிக்ஸல் இரண்டும் ஒன்றாக இருந்தால் கட்டம் சதுரம். அவ்ளோதான்.

5. ஃபார்முலா பாருக்கு இடப்பக்கம் உள்ள சின்னப் பெட்டியில் ஆங்கில எழுத்துகளில் ஏ1:ஏஜே54 என்று அடித்து என்டர் தட்டுங்கள். 36 க்கு 54 கட்டங்கள் தேர்வாகும்.

6. 'பார்டர்ஸ்' பட்டனில் 'மோர் பார்டர்ஸ்' போங்கள். முதலில் மெல்லிய கோடு, பிறகு வெளிர் சாம்பல் நிறம், அதன்பின் 'அவுட்லைன்', 'இன்சைடு' இரண்டையும் அழுத்துங்கள். இந்த வரிசை முக்கியம். நிறத்தைக் கடைசியில் மாற்றினால், ஏற்கெனவே போட்ட கோட்டின் நிறம் மாறாது.

7. 'பேஜ் லேஅவுட்' பகுதியில் 'பிரிண்ட் ஏரியா', அதில் 'செட் பிரிண்ட் ஏரியா'.

8. அங்கேயே தாள் அளவு ஏ4 என்று தேர்ந்தெடுங்கள். 'மார்ஜின்ஸ்' நான்கு பக்கமும் 1 சென்டிமீட்டர். 'ஸ்கேல்' என்ற இடத்தில் 90 சதவீதம்.

9. பிரிண்ட் பிரிவ்யூவில் ஒரே பக்கம்தான் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அச்சடிக்கலாம்.

அதென்ன 21 பிக்ஸல், 90 சதவீதம்?

கணக்கு இதுதான். ஒரு அங்குலத்துக்கு 96 பிக்ஸல் என்று வைத்தால், ஒரு பிக்ஸல் 0.2646 மில்லிமீட்டர். அப்படியானால் 5 மில்லிமீட்டருக்கு 18.9 பிக்ஸல் வேண்டும். ஆனால் எக்செல் முழு பிக்ஸல்களில்தான் கட்டத்தை வைக்கும். முக்கால் பிக்ஸல், அரை பிக்ஸல் எல்லாம் அதனிடம் கிடையாது. 19 என்று வைத்தால் ஒரு கட்டம் 5.03 மில்லிமீட்டர் ஆகிவிடும்.

'இதெல்லாம் ஒரு வித்தியாசமா?' என்று தோன்றலாம். 190 மில்லிமீட்டர் இடத்தில் 38 கட்டம் என்று திட்டமிட்டிருந்தால், 38 கட்டமும் சேர்ந்து 191 மில்லிமீட்டர் வரும். கடைசி நெடுவரிசை மட்டும் தனியாக இரண்டாவது தாளில் போய் நிற்கும். எக்செல்லில் பிரிண்ட் எடுத்த எல்லோரும் இந்த அனாதைப் பக்கத்தை ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள்.

அதனால் கட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக வைத்து, அச்சில் சுருக்குகிறோம். 21 பிக்ஸல் என்றால் 5.556 மில்லிமீட்டர். அதை 90 சதவீதமாகச் சுருக்கினால் கிட்டத்தட்டத் துல்லியமாக 5 மில்லிமீட்டர். 1 சென்டிமீட்டர் கட்டம் வேண்டுமா? இரண்டையும் 42 பிக்ஸலாக வையுங்கள் (உயரம் 31.5 பாயின்ட்), ஸ்கேல் அதே 90. அப்போது 18 நெடுவரிசை, 27 கிடைவரிசை போதும்.

இது காகிதக் கணக்கு. பிரிண்டருக்குப் பிரிண்டர் அகலத்தில் ஒரு நூல் முன்னே பின்னே வரலாம். அதனால் ஒரே ஒரு தாள் அச்சடித்து, ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 20 கட்டம் சரியாக 10 சென்டிமீட்டர் வர வேண்டும். குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை. இரண்டும் ஒரே அளவு தவறினால் ஸ்கேல் சதவீதத்தை மாற்றுங்கள். குறுக்களவு மட்டும் தவறினால் நெடுவரிசை அகலத்தை ஒரு பிக்ஸல் கூட்டியோ குறைத்தோ பாருங்கள். அளக்காமல் ஐம்பது தாள் அச்சடித்துவிடாதீர்கள்.

எக்செல் இல்லையென்றால்?

கூகுள் ஷீட்ஸில் ஒரு வசதி. அதன் கிடைவரிசையின் வழக்கமான உயரமே 21 பிக்ஸல்தான். நெடுவரிசை மட்டும் 100 பிக்ஸலில் இருக்கும். எல்லாவற்றையும் தேர்வு செய்து அதையும் 21 ஆக்கினால் சதுரம் தயார். ஆனால் புது ஷீட்டில் 26 நெடுவரிசைதான் இருக்கும், இன்னும் 10 சேர்க்க வேண்டும். பார்டர் போட்டு, அந்தப் பகுதியைத் தேர்வு செய்து, பிரிண்ட் பக்கத்தில் 'தேர்ந்தெடுத்த செல்கள் மட்டும்' என்று கொடுங்கள். ஸ்கேலில் உங்கள் சொந்த சதவீதத்தைக் கொடுக்கலாம். ஒரு தாள் அச்சடித்து அளங்கள். 20 கட்டம் 10 சென்டிமீட்டருக்குப் பதில் 10.4 வந்தால், இப்போதைய சதவீதத்தை 10ஆல் பெருக்கி 10.4ஆல் வகுங்கள். வருவதுதான் புது சதவீதம்.

இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபிஸ் கால்க் இந்த வேலைக்கு எக்செல்லைவிட எளிது. அதில் அகலம், உயரம் இரண்டையும் நேராக சென்டிமீட்டரில் கொடுக்கலாம். இரண்டிலும் 0.5 என்று அடித்தால் சதுரம் வந்துவிடும். பிக்ஸல் வித்தை எதுவும் தேவையில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: பார்டர் மட்டும் உள்ள பக்கத்தைக் கால்க் 'காலிப் பக்கம்' என்று நினைத்து அச்சடிக்காமல் விட்டுவிடலாம். ஏதாவது ஒரு மூலைக் கட்டத்தில் வெள்ளை நிறத்தில் ஒரு முற்றுப்புள்ளி வைத்துவிடுங்கள். பிரச்சினை முடிந்தது.

பிரிண்டரிடம் கெடும் இடங்கள்

எக்செல்லில் எல்லாம் சரியாகச் செய்தும் தாளில் அளவு தப்புகிறதா? பெரும்பாலும் காரணம் இந்த நான்கில் ஒன்று.

'ஃபிட் டு பேஜ்': பிடிஎஃப் திறக்கும் செயலிகள் பல, கேட்காமலேயே பக்கத்தைத் தாளுக்கு ஏற்றபடி சுருக்கிவிடும். 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் என்று மாற்றுங்கள்.

'லெட்டர்' தாள்: அமெரிக்க அளவு. எட்டரை அங்குலத்துக்கு 11 அங்குலம். ஏ4ஐவிட அகலம் கூட, உயரம் குறைவு. மென்பொருளில் லெட்டர், பிரிண்டரில் ஏ4 என்று இருந்தால் அளவு கெடும்.

'டிராஃப்ட் குவாலிட்டி': பேஜ் செட்டப்பில் இந்த டிக் இருந்தால் கோடுகளே அச்சாகாமல் போகலாம்.

ஜெராக்ஸ் கடை: வீட்டில் பிரிண்டர் இல்லாமல் கடைக்குக் கொண்டுபோகிறவர்கள் எக்செல் ஃபைலை அனுப்பாதீர்கள். கடை கம்ப்யூட்டரில் எழுத்துரு மாறினால் நெடுவரிசையின் அகலமும் மாறும் என்று மேலே பார்த்தோம். பிடிஎஃப் ஆகச் சேமித்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கூடவே "அண்ணா, சைஸ் மாத்தாம ஹண்ட்ரட் பர்சென்ட்ல அடிங்க" என்று சொல்லிவிடுங்கள். கையில் ஒரு ஸ்கேல் இருந்தால் முதல் தாளை அங்கேயே அளந்துவிடலாம்.

இனி வீட்டை வரைவோம்

ஒரு கட்டம் அரை அடி, அதாவது 6 அங்குலம். இரண்டு கட்டம், 1 சென்டிமீட்டர், ஒரு அடி. இதுதான் நம் கணக்கு. 15 அடிக்கு 20 அடி என்றால் 300 சதுர அடி. தாளில் 15 க்கு 20 சென்டிமீட்டர். 14 அடிக்கு 25 அடி என்றால் 350 சதுர அடி. தாளில் 14 க்கு 25 சென்டிமீட்டர். இரண்டும் நம் 18 க்கு 27 சென்டிமீட்டர் தாளில் அடங்கிவிடும். உங்கள் வீட்டின் நீள அகலம் வேறாக இருக்கலாம். பிளானில் போட்டிருப்பதை நம்பாமல், முடிந்தால் டேப் வைத்துச் சுவரிலிருந்து சுவர் வரை அளந்துகொள்ளுங்கள்.

முதலில் சுவர், கதவு, ஜன்னல், தூண், குழாய் வரும் இடம் ஆகியவற்றை வரையுங்கள். மூன்றடிக் கதவு என்றால் 6 கட்டம். கதவு திறக்கும் பக்கம் காம்பஸ் வைத்துக் கால் வட்டம் போடுங்கள். அந்தக் கால் வட்டத்துக்குள் எந்தச் சாமானும் வரக்கூடாது.

அடுத்து, இன்னொரு கட்டத் தாளிலிருந்து சாமான்களை வெட்டுங்கள். 6 அடிக்கு 4 அடிக் கட்டில் 12 க்கு 8 கட்டம். நம் வீடுகளில் 'கோத்ரெஜ் பீரோ' என்று பெயர் வாங்கிய இரும்பு பீரோவுக்கும் ஒரு துண்டு வேண்டும். கோத்ரெஜ் 1923லேயே இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது. இன்று எந்தக் கம்பெனி செய்தாலும் பலருக்கு அது கோத்ரெஜ் பீரோதான். அது சுமார் 3 அடி அகலம், ஒன்றரை அடிக்குச் சற்று அதிகமான ஆழம். அதனால் 6 க்கு 4 கட்டமாக வெட்டுங்கள். அதன் முன்னால் இரு கதவும் திறக்க இன்னும் 3 கட்டம் காலியாக இருக்க வேண்டும். பலரும் மறப்பது இந்த 3 கட்டத்தைத்தான். ஒருவர் தாராளமாக நடந்துபோக 2 அடி, அதாவது 4 கட்டம் வழி விடுங்கள்.

இப்போது துண்டுகளை நகர்த்துங்கள், திருப்புங்கள். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் செய்தால் இன்னும் நல்லது. பாட்டிக்கு ராத்திரியில் பாத்ரூம் போக வழி எது, பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும், சாமி படம் எந்தச் சுவரில் என்பதெல்லாம் அப்போதுதான் பேச்சுக்கு வரும். மொபைல் ஆப்பில் ஒருவர் வரைவார், மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். தாளில் என்றால் ஆளுக்கொரு துண்டை நகர்த்திப் பார்க்கலாம்.

கோலத்துக்குப் புள்ளித் தாள்

இதே ஷீட்டைக் கொஞ்சம் மாற்றினால் மார்கழிக்கும் உதவும். அபார்ட்மென்ட் வாசலில் கிடைக்கும் நாலடி இடத்துக்கு எத்தனை புள்ளிக் கோலம் அடங்கும் என்று முன்கூட்டியே தாளில் போட்டுப் பார்க்கலாம்.

பார்டரை எடுத்துவிடுங்கள். ஒரு கட்டத்தில் தடித்த புள்ளி ஒன்றை வைத்து, இரு பக்கமும் நடுவில் வரும்படி அமைத்து, எல்லாக் கட்டத்துக்கும் காப்பி செய்யுங்கள். நேர்ப்புள்ளித் தாள் தயார்.

ஊடுபுள்ளி வேண்டுமானால், இரண்டுக்கு இரண்டு என்று நான்கு கட்டத்தை எடுத்து, இடதுமேல் கட்டத்திலும் வலதுகீழ்க் கட்டத்திலும் மட்டும் புள்ளி வையுங்கள். அந்த நான்கையும் காப்பி செய்து, ஏ1 முதல் ஏஜே54 வரை தேர்வு செய்து பேஸ்ட் செய்தால் ஷீட் முழுக்க அதே அமைப்பு நிரம்பும். புள்ளிகளுக்கு இடையே எல்லாப் பக்கமும் ஒரே தூரம் இருக்க வேண்டுமா? அங்கே சதுரக் கட்டம் உதவாது. உயரம் அகலத்தைப்போல 1.73 மடங்கு இருக்க வேண்டும். அகலம் 21 பிக்ஸல் என்றால் உயரம் 36, அதாவது 27 பாயின்ட். உயரம் கூடுவதால் ஒரு தாளில் 30 கிடைவரிசை வைத்தால் வசதியாக அடங்கும். பிரிண்ட் ஏரியாவையும் அதற்கேற்ப ஏஜே30 வரை குறைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளை இருந்தால் 1 சென்டிமீட்டர் கட்டம் இன்னும் உபயோகம். கட்டத்துக்கு ஓர் எண் என்று எழுதினால் ஒன்று, பத்து, நூறு இடங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். கூட்டல் கழித்தலில் நடக்கும் பாதித் தவறு அங்கேயே குறையும்.

எதற்கு இது சரிவராது?

ஒரு மில்லிமீட்டர் கட்டம் உள்ள கிராஃப் தாளை எக்செல்லில் செய்யப் பார்க்காதீர்கள். 1 மில்லிமீட்டர் என்பது 3.78 பிக்ஸல். 4 என்று வைத்தால் ஒவ்வொரு கட்டமும் கிட்டத்தட்ட 6 சதவீதம் பெரிதாகிவிடும். தாளின் அகலத்துக்குள் ஒரு சென்டிமீட்டர் பிழை சேர்ந்துவிடும். பெரிதாக வரைந்து சுருக்கினால் அளவு வரும், ஆனால் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டித் தாள் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும்.

தமிழ்நாடு பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வில் வரைபடக் கேள்வி ஒன்றுக்கே 8 மதிப்பெண். அதற்குப் பழகும் பிள்ளைக்குக் கடையில் விற்கும் கிராஃப் தாளையே வாங்கிக் கொடுங்கள். அதேபோல, சுவரை இடிப்பது, தூணை நகர்த்துவது மாதிரியான வேலைக்கு இந்தத் தாளை நம்பி இறங்காதீர்கள். அதற்கு இன்ஜினியர் வேண்டும்.

கட்டில், பீரோ, கோலம், கூட்டல் கணக்கு. இந்த அளவுக்கு 5 மில்லிமீட்டர் கட்டம் தாராளமாகப் போதும். ஒருமுறை அளந்து சரிபார்த்த ஷீட்டைப் பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொண்டால், அடுத்த முறை எக்செல்லைத் திறக்கவே வேண்டியதில்லை. வீடு மாறப்போகும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவருக்கும் அனுப்பிவையுங்கள். பீரோவைத் தூக்கும் முன் ஒரு தடவை தாளில் நகர்த்திப் பார்க்கட்டும்.